தப்பாகப் பாடி ஏறிய படிக்கட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. வாய் மட்டும்தான் என்னுடையது, கை உன் தங்கையுடையது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பை வைத்துக்கொண்டே சொல்கிறேன், அவள் கட்டில் விளிம்பில் அட்டையை மடியில் வைத்து எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதுடி என்றால் கேட்பதில்லை, கடிதம் என்றால் அச்சடித்த புத்தகம் போல இருக்க வேண்டுமாம். அப்பா இவளுக்குக் கரையான் என்று பேர் வைத்தது சரிதான், தின்ற புத்தகமெல்லாம் இப்படித்தான் வெளியே வருகிறது. (அடைப்புக்குறிக்குள் இருப்பவை என் சொற்கள், அக்கா. அம்மாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். எவ்வளவு எழுதுவேன் என்று அவள் கேட்கவில்லை.) இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். இந்தத் தடவை அதை மனசாட்சியோடு சொல்கிறேன். அங்கே நீயும் அப்படித்தான் இருக்கிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாய், நீ என் மகள்தானே, அதனால் அதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் எனக்குச் சாப்பிட்டியா என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை, நீ மூக்கை உறிஞ்சினால் நானும் உறிஞ்சுவேன், அதோடு பேச்சு முடிந்தது. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது, மை கலைந்துவிடும் எட்டியே உட்காரு என்று இவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மூன்று கடிதத்திலும் அப்பா நன்றாக இருக்கிறார், கால் கூடிக்கொண்டு வருகிறது என்று எழுதச் சொன்னேன். கால் கூடியது உண்மை. நன்றாக இருக்கிறார் என்றது பொய். (எழுதியது நான். மூன்றாவது தடவை அந்த வரியை மட்டும் கொஞ்சம் கோணலாக எழுதினேன், நீ கண்டுபிடிப்பாய் என்று. நீ கண்டுபிடிக்கவில்லை.) அவர் விழுந்த கதை உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக், பதினெட்டு மாடிக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை பார்த்துவிட்டு ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்த மனுஷன், நம் வீட்டுச் சமையலறை ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றும்போது விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக்கிக்கொண்டார். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நம் கட்டிடத்து லிஃப்டும் உள்ளே ஏதோ சர்க்யூட் பலகை எரிந்து நின்றுபோனது. 'பழுது' என்று அட்டையில் எழுதிக் கதவில் மாட்டியது அவரே. அந்தப் பலகை கடல் தாண்டி வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆக, நான்காம் மாடியிலிருந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்கினோம். மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார் நாற்காலியின் முன்காலைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் மெக்கானிக்கையே படிக்கட்டுல தூக்கிட்டுப் போறோமே, இதை வெளிய சொன்னா சிரிப்பாங்க சார் என்றார். எல்லோரும் சிரித்தோம், அந்த வலியிலும் அப்பாவும் சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் மறைத்தேன்.

பத்து வாரம் கழித்து டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு ஒட்டிவிட்டது, இனி நடக்கலாம், படியும் ஏறலாம் என்றார். வீட்டுக்குள் தடி வைத்து நடந்தார். ஆனால் வாசலைத் தாண்டிப் படிக்கட்டுத் தலைப்பில் போய் நின்றதும் நெற்றியெல்லாம் வேர்த்துவிடும், கீழே ஒரு தடவை பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார். இரண்டு முறை முயன்றார், மூன்றாவது முறை எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ரேடியோ வேண்டாம், பேச்சு வேண்டாம், கொண்டுபோய் வைத்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து தாள் வந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதி கம்பெனி டாக்டர் முன்னால் யார் துணையும் இல்லாமல் இரண்டு மாடி ஏறி இறங்கிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் பழைய வேலை கிடையாது, ஸ்டோர் ரூமில் உட்கார வேண்டும் என்று. படித்தார், மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். உட்கார்ந்து போல்ட் எடுத்துக் குடுக்குறேன், அதுக்கும் ஆள் வேணும்ல என்றார். இருபத்தெட்டு வருஷமாக ஸ்டோர்காரரைக் கேலி பண்ணினவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சும் நின்றது. பேசாததைக்கூடத் தாங்கிக்கொள்வேன், பாடாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

(அந்தப் பாட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அக்கா, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த உன்னை அப்பா அதைப் பாடித்தானே மேலே கூப்பிடுவார். ஆனால் நான் இதைப் பள்ளியில் கட்டுரையாக எழுதிப் பதினெட்டு மதிப்பெண் வாங்கினேன், அதனால் இங்கேயும் எழுதுகிறேன். லிஃப்ட் வேலையில் ஒருவர் கீழே குழிக்குள் நிற்பார், ஒருவர் மேலே மெஷின் அறையில் நிற்பார். கீழே இருப்பவர் சொல்வது சரியாகக் கேட்டால்தான் இருவரும் உயிரோடு வீட்டுக்குப் போக முடியும். வெறுமனே கத்தினால் நான்கு சுவரும் திருப்பிச் சொல்லிச் சொற்கள் குழம்பிவிடும். கம்பெனி கொடுத்த கருவியில் கரகரப்புதான் கேட்கும். அதனால் அப்பாவும் அவருடைய கூட்டாளி ஒட்டகம் மாமாவும் பாடுவார்கள். 'ஏறு' என்றால் குரல் கீழே தொடங்கி மேலே போய், மூச்சு உள்ள மட்டும் உச்சியிலேயே நிற்கும். 'இறங்கு' உச்சியிலிருந்து சறுக்கும். 'நில்லு' ஏறு போலவே தொடங்கி மேலே போகும், ஆனால் கடைசியில் சட்டென்று விழுந்து வெட்டுப்படும். ஏறுவுக்கும் நில்லுவுக்கும் வால் மட்டுமே வித்தியாசம். ஒட்டகம் மாமாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கட்டுரையில் எழுதவில்லை, அவர் கழுத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

இவள் எழுதி முடிப்பதற்குள் நான் இரண்டு பை தைத்துவிட்டேன். இனி என் கதை. தெருமுனைத் தையல் கடையிலிருந்து வெட்டின துணியை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவர வேண்டும், தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தினம் இரண்டு நடை, ஒரு நடைக்கு எழுபத்திரண்டு படி. ஒரு நாள் மத்தியானம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் வரமாட்டேன் என்றுவிட்டது. மூட்டையின் மேலேயே உட்கார்ந்தேன். அழத்தான் போகிறேன். அந்த நேரம் பார்த்து மேலே வாத்தியார் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம். அவர் முன்னால் அழுதால் ஏன், எதற்கு, எவ்வளவு நாளாக என்று விடை வருகிற வரை விடமாட்டார். சட்டென்று எழுந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைப் பாடினேன். வந்தது அப்பாவின் ஏறு. எனக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியாதா, உன்னைத் தொட்டிலில் போட்டு நான் பாடினால் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள், அந்தச் சத்தம் வாயை விட்டு வெளியே போனதும் மூட்டையில் பாதி இறங்கின மாதிரி இருந்தது. அடுத்த படி தானாக வந்தது. ஒரு வரிசைப் படிக்கு ஒரு ஏறு என்று வைத்துக்கொண்டு ஏறினேன். வாத்தியார் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டு, என்னம்மா உடம்பு சரியில்லையா என்றார்.

நான்காம் மாடித் தலைப்புக்கு வந்து கடைசி ஏறுவைப் பாடி முடிக்கவும், வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். பத்தொன்பது நாளுக்குப் பிறகு. யாருடா அது, நில்லு நில்லுன்னுக்கிட்டே ஏறுறது, ஆளைக் கொல்லவா என்று. நான் கதவைத் திறந்தால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், கண்ணில் கோபம். கோபத்தைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்பட்டாள் என்றால் அது நானாகத்தான் இருக்கும். நான்தாங்க பாடினேன், ஏறு பாட்டுதானே என்றேன். அது நில்லு, வாலைக் கீழ போட்டுட்டியே என்றார். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு என்றேன். ஒரே மாதிரியா, அது ரெண்டும் ஒரே மாதிரி இல்லாததாலதான் நீ இன்னிக்குப் பொட்டும் பூவுமா புருஷனோட சண்டை போட்டுக்கிட்டிருக்க என்று கத்திவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகத் தானே பாடினார். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல். நடுவில் உடைந்தது, இருமினார், மறுபடியும் பாடினார். விஷயம் இதுதான் கண்ணு, திருப்பத்துக்கு வரும்போது எனக்கு மூச்சு தீர்ந்துவிடுகிறது, மூச்சு தீர்ந்தால் வால் விழுந்துவிடுகிறது. ஏறச் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், நாலு மாடியும்.

மறுநாளும் தப்பு. படுக்கையிலிருந்து கத்தினார். அதற்கடுத்த நாளும் தப்பு. நீ பாடுறது இங்க சரியாக் கேக்கல, நான் வாசலுக்கு வந்து கேக்குறேன் என்று தடியை ஊன்றி வந்து நின்றார். பிறகு படிக்கட்டுத் தலைப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து, தூக்கு, தூக்கு, விட்றாத, ஐயோ விட்டுட்டா என்று அவர் அலற, கீழே நான் மூட்டையோடு பாட, வாத்தியார் கதவைத் திறந்து, சார் உள்ள பத்து பிள்ளைங்க வகுத்தல் போடுது என்றார். நீங்களே சொல்லுங்க வாத்தியாரே, இவ பாடுனது ஏறுதா நிக்குதா என்றார் அப்பா. வாத்தியார் நியாயஸ்தர், யோசித்துவிட்டு, நீங்க பாடுறது மேல இருக்கு, அவங்க பாடுறது கீழ இருக்கு, ரெண்டையும் ஒரே தூரத்துல கேட்டாத்தான் சொல்ல முடியும், நீங்க கொஞ்சம் இறங்கி வாங்க என்றார். இவரும் வாத்தியாருக்கு நிரூபித்தாக வேண்டும் என்ற வேகத்தில் இறங்கினார். ஏழு படி. ஏழாவது படியில் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடித்துவிட்டார். அப்படியே கம்பியோடு ஒட்டிக்கொண்டார், முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது, தடி உருண்டு என் காலடிக்கு வந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிடிக்க ஓடினால் பயந்துவிடுவார், பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார். நின்ற இடத்திலேயே பாடினேன். வால் விழுந்தது. அவர் கம்பியைப் பிடித்தபடியே, ஏய், அதான் சொன்னேன்ல, வாலைப் போடாதன்னு என்று என்னை நோக்கி ஒரு படி இறங்கினார். அப்புறம் இன்னொன்று. கீழே வந்து தடியை வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷம் என்கூட இருந்து இதைக்கூடக் கத்துக்கலையே என்றார். வாத்தியார் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்படியே ஒரு மாதம். தினமும் நான் தப்பாகப் பாட, தினமும் அவர் திருத்த வந்தார். மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, கடைசியில் தெருவாசல். இரு, மழை தூறுகிறது, மொட்டை மாடியில் துணி கிடக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன்.

(அக்கா, அம்மா மாடிக்குப் போயிருக்கிறாள், சீக்கிரம் எழுதிவிடுகிறேன். இதை அப்பாவிடம் சொல்லவே கூடாது. அம்மா அந்தப் பாட்டை இரண்டாவது வாரமே கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு சனிக்கிழமை நான் துணி அடுக்கும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு நான் அங்கே இருப்பது தெரியாது. மெஷினை மிதித்துக்கொண்டே ஏறு பாடினாள். வால் அசையவில்லை. உச்சியில் அப்படியே நின்றது, அப்பா பாடுவது போலவே. ஒரு முறை இல்லை, ஐந்து முறை, ஐந்தும் சரி. அன்று சாயங்காலம் படிக்கட்டில் போய் மறுபடியும் தப்பாகப் பாடினாள். எனக்குச் சந்தேகம் வந்து என் நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். திங்கள், மூன்றாம் மாடித் திருப்பத்தில் தப்பு. செவ்வாய், அதற்குப் பத்துப் படி கீழே தப்பு. புதன், இரண்டாம் மாடியில் தப்பு. தப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது, அப்பாவும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கினார். நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், இவ்வளவு நன்றாகத் தப்புச் செய்கிற ஆளை எதிலும் படித்ததில்லை. காலடி கேட்கிறது.)

வந்துவிட்டேன். துணி நனையவில்லை. எங்கே விட்டேன்? ஆங், இருபதாம் தேதி. காலையில் ஒட்டகம் வந்து நின்றார், கூட்டிக்கொண்டு போக. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானைப் போடத் தெரியாமல் நிற்கிறார். நான்தான் போட்டுவிட்டேன். கம்பெனி ஆபீஸில் படிக்கட்டு அகலமாம், பளபளவென்று கல் பதித்ததாம், பிடிக்கக் கம்பி ஒரு பக்கம்தானாம். டாக்டர் கையில் அட்டையோடு மேலே நிற்கிறார், டைப் அடிக்கிற பெண்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள், இவர் முதல் படியில் நின்று வேர்த்துக்கொண்டிருக்கிறார். நிமிஷக்கணக்கில் நின்றாராம். ஒட்டகம் பின்னாலிருந்து, பாடுய்யா, யார் இருக்காங்கன்னு பாக்காத என்றாராம். பாடியிருக்கிறார். ஒரு வரிசைக்கு ஒரு ஏறு, இரண்டு மாடி, திரும்ப இறங்கு இறங்கு என்று கீழே. டாக்டர் தாளில் என்ன எழுதினார் என்று கேள், ஒட்டகம் படித்துக் காட்டினார், கால் நன்றாக இருக்கிறது, பாடிக்கொண்டே ஏறுகிறார், பாடாமல் ஏற முடியுமா என்று கேட்டதற்கு முடியும் ஆனால் எதற்கு என்கிறார், பழைய வேலைக்குத் தகுதி. தகுதி என்ற சொல்லை அப்பா அன்றைக்கு எத்தனை தடவை சொன்னார் என்று கேட்காதே, தண்ணீர் கொண்டுவா என்பதைக்கூடத் தகுதியான ஒரு டம்ளர் தண்ணி கொண்டா என்றார்.

போன வாரம் அந்தப் பலகை வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு முதல் வேலையாக நம் கட்டிடத்து லிஃப்டையே கொடுத்துவிட்டார்கள். நேற்று இவர் கீழே குழிக்குள், ஒட்டகம் மேலே மெஷின் அறையில். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கீழேயிருந்து ஏறு என்று வந்தது, அந்தக் குரல் குழி வழியாக நாலு மாடியும் நிறைந்தது, எனக்குப் புல்லரித்தது. லிஃப்ட் முனகிக்கொண்டு முதல் மாடி தாண்டியது. இரண்டாவது ஏறு வந்தது, வால் விழுந்தது. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் டக்கென்று நின்றது. மேலேயிருந்து ஒட்டகம், யோவ், நிக்கவா ஏறவா என்கிறார். அப்பா மறுபடியும் பாடினார், மறுபடியும் அதே வால், அச்சு அசல் என் வால். வாத்தியாரின் டியூஷன் பிள்ளைகள் பத்தும் சேர்ந்து, அது நில்லு என்று கத்தின. குழிக்குள்ளிருந்து சிரிப்பு. உன் அப்பா சிரித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அது குழிக்குள்ளிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள், கட்டிடமே சிரித்தது. வெளியே வந்து எண்ணெய்க் கையோடு நின்று எல்லோர் முன்னாலும், இருபத்தெட்டு வருஷப் பாட்டை ஒரே மாசத்துல கெடுத்துட்டா இவ என்றார். எனக்கு மூச்சு அவ்வளவுதாங்க, நான் என்ன பண்ண என்றேன். (இதை முகம் மாறாமல் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இனி உன் சமாசாரம். கடைசிக் கடிதத்தில், நர்ஸுகள் விடுதியில் என் அறை இருக்கிற நடையில் பதினொரு கதவு இருக்கிறது, டியூட்டி முடிந்து வரும்போது பதினொன்றும் சாத்தியிருக்கிறது, வந்து ஆறு மாதமாகியும் என் பேர் சொல்லிக் கூப்பிட இந்த மாடியில் ஆளில்லை என்று எழுதியிருந்தாய். சும்மா வேடிக்கையாக எழுதினேன் என்று கீழே சேர்த்திருந்தாய். அந்த வரி எனக்கும் எழுதத் தெரியும் கண்ணு, மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா சொல்வதைக் கேள். நாளைக்கு அந்த நடையில் வரும்போது வாயை மூடிக்கொண்டு நடக்காதே. பாடு. மெதுவாகப் பாடினால் போதும். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி. உனக்கு அப்பாவின் குரல், சரியாகவே பாடிவிடுவாய், அதுதான் எனக்குக் கவலை. சரியாகப் பாடினால் நன்றாக இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பார்கள். கொஞ்சம் தப்பாகப் பாடு. பதினொன்றில் ஒரு கதவாவது தாங்க முடியாமல் திறக்கும். திருத்த வருகிறவர்களிடம் கோபித்துக்கொள்ளாதே, உடனே கற்றுக்கொண்டும் விடாதே. (இதைச் சொல்லும்போது அம்மா ஊசியில் நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.)

வேறென்ன, கால் நனைய நிற்காதே, கெட்டிக் காலுறை இரண்டு ஜோடி தைத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் பண்ணு, அப்பா பேசுவார், முதல் பத்து நிமிஷம் தகுதியைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நீ கைவைக்கிற நோயாளியெல்லாம் எழுந்து நடக்க வேண்டும், உன் நடையில் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டே மெஷினை மிதிக்கும்,
அம்மா
(எழுதிய கை: கரையான்)

(பின்குறிப்பு, இது என்னுடையது. உறையை ஒட்டப்போகும் நேரம், கீழே வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம். லிஃப்ட் நேற்றிலிருந்து நன்றாக ஓடுகிறது, அக்கா, கதவில் 'பழுது' அட்டைகூட இல்லை. ஆனாலும் படிக்கட்டில்தான் ஏறி வருகிறார், பாடிக்கொண்டு. முதல் மாடி சரி. இரண்டாம் மாடி சரி. மூன்றாம் மாடி சரி. நம் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், மூச்சு நிறைய இருக்கும்போதே, வால் விழுகிறது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, இந்த மனுஷருக்கு எத்தனை தடவை சொல்வது என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கப் போகிறாள்.)